உலகைச் சுற்றிய முதற் கப்பல்
(மாணாக்கர் பொது அறிவுத் தேர்வின் வினாவொன்று குறித்து)

நமது சங்கத்தின் ஆண்டு விழாவை யொட்டி நம் சமூகத்து மாணாக்கர்க்கு நடத்தப்பெறும் பொது அறிவுத் தேர்வுக்கு இவ்வாண்டு வினாத்தாள் அமைத்து விடைகளைத் திருத்தும் பணி அடியேனிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அரசர் பெயரும் ஆறுகளின் நீளமுமே கேட்கப்படுவதால் மாணாக்கர் சலிப்புறுகின்றனர் என்று அன்பர் சிலர் கூறியதனால், இம்முறை புகழ்பெற்ற கப்பல்களைப் பற்றிப் பத்து வினாக்கள் சேர்த்தேன். அவற்றுள் ஒன்றினால் விளைந்த பிழையை ஒப்புக் கொள்ளவும், அப்பிழையின் பின்னே கிடக்கும் வரலாற்றை எடுத்துரைக்கவுமே இக்கட்டுரை எழுதப்படுகிறது. பிழை மாணாக்கருடையதன்று, என்னுடையது.

ஏனைய வினாக்களைப் பற்றி நீட்டிக்க வேண்டுவதில்லை. வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களின் சுதேசிக் கம்பெனி வாங்கிய கப்பல்கள் காலியா, லாவோ என்பதனை ஏறத்தாழ அனைவரும் எழுதியிருந்தனர், மகிழ்ச்சி. 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மூழ்கிய டைட்டானிக் கப்பலை அறியாத பிள்ளை ஒருவரும் இலர். ஆயின் அதிற் பிழைத்தோரை ஏற்றிச் சென்ற கார்ப்பேத்தியா என்னும் கப்பலை அறிந்தோர் மூவரே. 1872-இல் ஆளில்லாது அட்லாண்டிக் கடலில் மிதந்த மேரி செலஸ்த் என்னும் கலத்தைப் பற்றிப் பலர், உணவு மேசை மீது தேநீர் ஆறாதிருந்தது என்று எழுதினர். அஃது உண்மையன்று. அக்கலத்தினின்றும் படகொன்று காணாமற் போயிருந்தது. அதிலிருந்த பதின்மரும் யாது காரணம் பற்றியோ கலத்தை விட்டுப் படகேறினர் என்று கொள்வதே பொருத்தம். கானன் டாயில் 1884-இல் புனைந்த கதை யொன்றிலே அப்பெயரைச் சற்றே மாற்றி மாரி செலஸ்த் என்று எழுதினார்; அதன் பின் உலகம் கதையையும் நிகழ்ச்சியையும் பிரித்தறியாது போயிற்று.

நிற்க. ஏழாம் வினா இது: முதன் முதல் உலகைச் சுற்றி வந்த கப்பல் யாது? அதனைச் செலுத்தி வந்த தலைவர் யாவர்? பல ஆண்டுகளாக என்னிடமிருந்த வினாவிடைக் கைநூல் ஒன்றைப் பார்த்து, விக்டோரியா, மகெல்லன் என்று விடைக் குறிப்பில் எழுதி வைத்தேன். விடை எழுதிய மாணாக்கருள் பெரும்பாலோர் அவ்வாறே எழுதினர். ஒருவர் மட்டும், இக்கப்பல் இங்கிலாந்து அரசியின் பெயர் தாங்கியது என்ற விளக்கமும் சேர்த்திருந்தார். அவ்வரசி பிறந்தது 1819-ஆம் ஆண்டு. இக்கப்பல் புறப்பட்டதோ சரியாக முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர். வெற்றி அன்னை எனப்பட்ட மரியன்னையின் கோயிற் பெயரே அக்கப்பலுக்கு இடப்பட்டது.

பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி, விக்டோரியா, எல்கானோ என்று எழுதியிருந்தாள். அப்பெயரின் மேல் சிவப்புக் கோடிட்டு, அரை மதிப்பெண் குறைத்தேன். அவ்வரை மதிப்பெண்ணால் அவள் இரண்டாம் இடத்திற்கு இறங்கினாள். முதற் பரிசு பெறுவோர்க்கே ஓராண்டுக் கல்விச் செலவைச் சங்கம் ஏற்பது வழக்கம் என்பதை வாசகர்கள் அறிவர்.

விழா முடிந்து பந்தியில் இலை போடும் வேளையில் அச்சிறுமி தன் பாட்டனாரோடு வந்து வணங்கி நின்றாள். “ஐயா, மகெல்லன் வழியிலேயே கொல்லப்பட்டாரல்லவா? இறந்தவர் எப்படிக் கப்பலை ஊருக்குக் கொண்டுவந்தார்?” என்று கேட்டாள். குரலில் குறையிரப்பு இல்லை, ஐயமே இருந்தது. “பார்த்துச் சொல்லுகிறேன், அம்மா” என்றேன். அவள் பாட்டனார், பெரியவர்களிடம் வாதாடலாகாது என்று அவளைக் கடிந்து அழைத்துச் சென்றார். அன்றிரவே நூல்களை எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க என் சிவப்புக் கோடு எனக்கே உறுத்துவதாயிற்று.

பெர்னாந்து மகெல்லன் என்பவர் போர்ச்சுகல் நாட்டு உயர்குடியினர். 1505-இல் இந்தியாவுக்கு வந்து, பறங்கியரின் படையில் பல ஆண்டுகள் ஊழியம் செய்தவர். 1511-இல் அல்புகெர்க் மலாக்கா நகரைப் பிடித்த போது அப்படையில் இருந்தவர். அம்மலாக்கா, நம் தமிழ் வணிகர் கூட்டங் கூட்டமாகத் தங்கி வாணிகம் புரிந்த துறைமுகம்; மலாய் மக்கள் அவர்களைக் கிளிங்கர் என்று அழைத்தனர். நகர் கைம்மாறிய பின் நைனா சட்டு என்று பறங்கியர் எழுதி வைத்த தமிழ் வணிகரே அங்குள்ள இந்துக்களுக்குத் தலைவராக நியமிக்கப்பெற்றார். அந்நகரில் மகெல்லன் ஓர் இளைஞனை அடிமையாகக் கொண்டார். என்ரிக்கே என்று அவனுக்குப் பெயரிடப்பட்டது. அவனை வாசகர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். இக்கதையில் அவனுக்குப் பின்னர் இடமுண்டு.

தாயகம் திரும்பிய மகெல்லன் மொராக்கோப் போரிற் காயமுற்று ஒரு காலை இழுத்து நடப்பவரானார். தம் ஊதியத்தைச் சிறிது உயர்த்துமாறு மானுவேல் மன்னரை வேண்டினார், மறுக்கப்பட்டது. மனம் வெறுத்து 1517-இல் ஸ்பெயின் சென்று, மேற்கு நோக்கிச் சென்றே கிராம்பு விளையும் மொலுக்காத் தீவுகளை அடையலாம் என்று இளம் மன்னர் சார்லஸிடம் கூறினார். 1518 மார்ச்சுத் திங்களில் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஒரு சிற்றூதிய உயர்வை மறுத்த அரசு எத்தகைய பெயரை இழந்தது என்பது எண்ணத்தக்கது.

திரினிதாத், சான் அந்தோனியோ, கொன்செப்சியோன், விக்டோரியா, சந்தியாகோ என்னும் ஐந்து கலங்கள் ஏறத்தாழ 240 பேருடன் 1519 செப்டம்பர் 20-ஆம் நாள் சான்லூக்கர் துறையை விட்டுச் சென்றன. விக்டோரியா அவற்றுள் பெரியதன்று, ஐந்தனுள் நான்காவது. கலத்தலைவர் பலர் ஸ்பானியர். அவர்க்கு மேல் பறங்கியர் ஒருவர் தளபதி. மனக்கசப்பு முதல் நாளிலேயே கலமேறியது எனலாம். தென் அமெரிக்காவின் தென்கோடிக் குளிரில், சான் ஹூலியான் குடாவில், 1520 ஏப்ரலில் கலகம் வெடித்தது. மகெல்லன் அதனைக் கடுமையாக அடக்கினார். தலைவர் ஒருவர் தலை துணிக்கப்பட்டார். மற்றொருவர் பாதிரியார் ஒருவருடன் அப்பாழ்ங்கரையில் விடப்பட்டார். கலகத்திற் சேர்ந்து மரண தண்டனை பெற்றுப் பின் மன்னிக்கப்பட்டோர் நாற்பதின்மர் வரையினர். கப்பலைச் செலுத்த வேறு கைகள் இல்லாமையே அம்மன்னிப்புக்குக் காரணம். அந்நாற்பதின்மருள் ஒருவரே ஹுவான் செபாஸ்தியான் எல்கானோ.

ஆம், அச்சிறுமி எழுதிய பெயருக்குரியவர், கலகக்காரராக இவ்வரலாற்றில் நுழைகின்றார். அதற்கு முன்னும் அவர் மாசற்றவரல்லர். ஸ்பெயினின் வடகடற்கரையில் கெத்தாரியா என்னும் ஊரிற் பிறந்த பாஸ்க்கு இனத்தவர். கடன் நெருக்கடியால் தம் கப்பலை அயல்நாட்டு வணிகர்க்குக் கொடுத்துவிட்டார். அது ஸ்பெயின் சட்டப்படி குற்றம். அக்குற்றத்துக்கு அஞ்சியிருந்த நிலையிலேயே இப்படையிற் சேர்ந்தார்.

சந்தியாகோ பாறையில் மோதியழிந்தது. 1520 அக்டோபர் 21-ஆம் நாள் கண்ட நீரிணையில் நுழைந்து வழி தேடும் போதே சான் அந்தோனியோ கள்ளத்தனமாய்த் திரும்பி ஸ்பெயினுக்கு ஓடிவிட்டது. உணவுப் பொருளில் பெரும் பகுதியும் அதிலிருந்தது. எஞ்சிய மூன்று கலங்களும் நவம்பர் 28-ஆம் நாள் மறுபுறத்துப் பெருங்கடலில் புகுந்தன. கடல் அமைதியாயிருந்ததனால் மகெல்லன் அதற்குப் பசிபிக் என்று பெயரிட்டார். அவ்வமைதியே எமனாயிற்று. மூன்று திங்களும் இருபது நாளும் புத்துணவு கிட்டவில்லை. ரொட்டி புழுத்துத் தூளாயிற்று. நீர் மஞ்சளாய் நாறியது. பருமல் மரத்தில் கயிறு தேயாதிருக்கச் சுற்றியிருந்த மாட்டுத் தோலை உரித்து, நாலைந்து நாள் கடல்நீரில் ஊறவைத்து, தணலில் வாட்டித் தின்றனர். மரத்தூளைத் தின்றனர். எலி ஒன்று அரைப் பொற்காசுக்கு விற்றது. அவ்விலைக்கும் போதிய எலி கிடைக்கவில்லை. ஈறு வீங்கி வாய் திறவாது மடிந்தோர் பத்தொன்பதின்மர். உடன் சென்ற பிகபெத்தா என்னும் இத்தாலியர் இவற்றை யெல்லாம் குறித்து வைத்தார். 1521 மார்ச்சு 6-ஆம் நாள் குவாம் தீவைக் கண்டிராவிடில் இக்கட்டுரைக்கு இடமே இராது.

பிலிப்பைன் தீவுகளை அடைந்த போது ஒரு வியப்பு நிகழ்ந்தது. படகில் வந்த தீவினரிடம் அடிமை என்ரிக்கே தன் மலாய் மொழியிற் பேசினான். அவர்கள் அறிந்து கொண்டனர். கிழக்கே யிருந்து மேற்கே கொண்டு செல்லப்பட்டவன், மேலும் மேற்கே சென்று, தன் மொழி வழங்கும் கிழக்கிற்கே வந்துவிட்டான். உலகம் உருண்டை யென்பதை அளவைக் கருவியின்றி ஒரு மனிதனின் வாய்ச்சொல் மெய்ப்பித்த நாள் அது.

செபுத் தீவின் அரசன் கிறிஸ்துவனானான். அவனுக்கு அடங்காத மக்தான் தீவின் தலைவன் லாபுலாபுவை ஒறுப்பேன் என்று மகெல்லன் வேண்டாத வழக்கில் தலையிட்டார். 1521 ஏப்ரல் 27-ஆம் நாள் விடியலில் நாற்பத்தொன்பதின்மருடன் தொடையளவு நீரில் இறங்கினார். பாறைகள் தடுத்தமையால் படகுகள் கரைக்கு அணுக முடியவில்லை. படகிலிருந்த பீரங்கிகளும் எட்டவில்லை. எதிரே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நின்றனர். காலில் நச்சம்பு தைத்து, பின்வாங்கும் தம் ஆட்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தவாறே மகெல்லன் வீழ்ந்தார். தளபதியின் உடலும் திரும்பக் கிடைக்கவில்லை.

தாம் இறந்தவுடன் என்ரிக்கே அடிமைத்தளை நீங்க வேண்டும் என்று மகெல்லன் தம் விருப்பாவணத்தில் எழுதியிருந்தார். புதிய தலைவர் பார்போசா அதனை ஏற்கவில்லை. காயத்தோடு படுத்திருந்தவனை வைது எழுப்பிக் கரைக்கு அனுப்பினார். மே முதல் நாள் செபு அரசன் அளித்த விருந்தில் தலைவர்கள் இருபதின்மருக்கு மேல் வெட்டுண்டனர்; பார்போசாவும் மடிந்தார். என்ரிக்கேயே சூழ்ச்சி செய்தான் என்று பிகபெத்தா எழுதுகின்றார். உண்மையாயினும், வாக்களித்த விடுதலையை மறுத்தவர் மீதே முதற் பழி சாரும் என்பது என் கருத்து. அதன் பின் என்ரிக்கேயின் பெயர் ஏடுகளில் இல்லை.

இனி அடியேனின் கைநூற் பிழையைக் கணக்கிட்டுக் காட்டலாம். மலாக்கா கிழக்கே 102 பாகையில் உளது; செபு 124 பாகையில். மகெல்லனும் என்ரிக்கேயும் முன்னர் மலாக்காவில் இருந்தவர்கள். அங்கிருந்து மேற்கே போந்து, மீண்டும் மேற்கே சென்று செபு வரை வந்தனர். ஆதலின் முழு வட்டத்திற்கு இருவருக்கும் ஏறத்தாழ 22 பாகை குறைகின்றது. என்ரிக்கே பின்னர்த் தன் ஊர் சேர்ந்திருப்பானாயின், உலகைச் சுற்றிய முதல் மனிதன் அவ்வடிமையே. மகெல்லனுக்கோ அவ்வாய்ப்பும் இல்லை.

தலைவரிழந்த கூட்டத்தில் மூன்று கலங்களைச் செலுத்த ஆளில்லை, கொன்செப்சியோனைக் கொளுத்தினர். பல இடம் அலைந்து 1521 நவம்பர் 8-ஆம் நாள் திடோர்த் தீவை யடைந்து, கிராம்பு நிறைய ஏற்றினர். புறப்படும் வேளையில் திரினிதாத் நீர் கசிந்தது. அதனைச் செப்பனிட விட்டுவிட்டு, விக்டோரியா மட்டும் டிசம்பர் 21-ஆம் நாள் நங்கூரம் தூக்கியது. ஐரோப்பியர் நாற்பத்தெழுவர், தீவினர் பதின்மூவர். கலத்தலைவர் எல்கானோ.

இவ்விடத்தே அவர் செய்த துணிவை வாசகர் கருதல் வேண்டும். முன்பு உலகைச் சுற்றுமாறு யாரும் கட்டளையிடவில்லை. மொலுக்காவுக்குச் செல்வதே அரசாணை. மேற்கு நோக்கியே தொடர்ந்து செல்வதாயின் இந்துமாக்கடல் முழுதும் பறங்கியரின் ஆட்சிக்குட்பட்ட வழி; கோவாவும் மலாக்காவும் மொசாம்பிக்கும் அவர் கையில். ஒரு துறையிலும் ஒதுங்க இயலாது. ஆதலின் கப்பல் வழிகளுக்கு மிகத் தெற்கே, கரை காணாத கடலூடே, ஒழுகும் கலத்தை இரவும் பகலும் நீரிறைத்துக் கொண்டு ஓட்டினார். அரிசியும் நீருமே உணவு. 1522 மே திங்களில் நன்னம்பிக்கை முனையைக் கடந்தனர், முன்பாய்மரம் முறிந்தது. ஆட்கள் ஒவ்வொருவராய் மடிந்தனர்.

பட்டினி தாளாது ஜூலை 9-ஆம் நாள் வெர்தே முனைத் தீவுகளில், அமெரிக்காவிலிருந்து வருவதாகப் பொய் கூறி, பறங்கியரிடம் அரிசி வாங்கினர். அங்கே நாட்கணக்குத் தவறிற்று. கலத்தின் குறிப்பேட்டில் புதன், கரையிலோ வியாழன். ஒரு நாளும் விடாது எழுதிய பிகபெத்தா திகைத்தார். ஏட்டிற் பிழையில்லை. கதிரவனைப் பின்பற்றி மேற்கே செல்வோர்க்கு ஒவ்வொரு பகலும் சிறிது நீளும். வட்டம் முடியும் போது அந்நீட்சிகள் கூடி ஒரு முழு நாளாகி, அவர் கணக்கில் ஒரு சூரியோதயம் குறைந்திருக்கும். அதனை முதன் முதல் பட்டறிவால் உணர்ந்தவர் இவரே. கிராம்பு இருப்பது எவ்வாறோ வெளிப்பட்டது. கரை சென்ற பதின்மூவர் சிறைப்பட்டனர். எஞ்சியோர் பாய் விரித்து ஓடினர்.

1522 செப்டம்பர் 6-ஆம் நாள், மூன்றாண்டுகளுக்கு இரு வாரம் குறைவாக, விக்டோரியா சான்லூக்கரை யடைந்தது. வந்தவர் பதினெண்மர் என்று எல்லா நூலும் கூறும். அவர்களோடு திடோரிலேறிய தீவினர் சிலரும் வந்தனர். அவரை அக்கணக்கிற் சேர்ப்பாரில்லை. மூன்று நாள் கழித்துச் செவில் நகரில், வெறுங்காலுடன், சட்டை மட்டும் உடுத்து, கையில் ஆளுக்கொரு மெழுகுதிரி ஏந்திக் கோயிலுக்கு நடந்தனர். ஏற்றி வந்த கிராம்பு ஏறத்தாழ 26 டன். அதன் விலை ஐந்து கப்பற் செலவையும் ஈடு செய்தது.

கரையணைந்த அன்றே எல்கானோ சக்கரவர்த்திக்கு ஒரு மடல் எழுதினார். மேற்கே சென்று கிழக்கே திரும்பி உலகின் வட்டம் முழுதும் சுற்றினோம் என்று அறிவித்து, வெர்தே முனையிற் சிறைப்பட்ட பதின்மூவரை விடுவிக்குமாறு அம்மடலில் வேண்டினார். கலகக்காரர், கடன்காரர், சட்டம் மீறியவர். ஆயினும் உணவின்றிக் கரையேறிய அன்றே தம் தோழர்க்காக எழுதியவர். அவர்களும் பின்னர் விடுதலையுற்றனர். மன்னர் ஆண்டுக்கு 500 பொற்காசும், உலகுருண்டை பொறித்து, முதன் முதல் என்னைச் சுற்றியவன் நீ என்னும் பொருள்பட இலத்தீன் மொழி வரைந்த விருதும் வழங்கினார். 1526-இல் மீண்டும் மொலுக்கா நோக்கிச் செல்கையில் பசிபிக் கடலிலேயே எல்கானோ உயிர் நீத்தார்.

இத்தகையவர் பெயர் வினாவிடைக் கைநூல்களில் ஏன் இல்லாதாயிற்று? உலகம் பெரிதும் நம்பிப் படித்தது பிகபெத்தாவின் நூலை. அவர் மகெல்லனைத் தெய்வம் போல் போற்றியவர். தம்மை வீடு சேர்த்த எல்கானோவின் பெயரை அந்நூலில் ஓரிடத்தும் எழுதினாரில்லை. கலகக்காரர் மீதிருந்த வெறுப்பே காரணமாதல் கூடும். மகெல்லனின் பெருமையை நான் குறைக்கவில்லை. நீரிணையைக் கண்டவரும் பசிபிக்கைக் கடந்தவரும் அவரே. வினா அதுவன்று. தாமே தொடங்கித் தாமே முடித்து உலகைச் சுற்றிய முதல் தளபதி வேண்டுமாயின் 1580-இல் திரும்பிய டிரேக்கைக் கூறலாம். கப்பலைச் செலுத்தி ஊர் சேர்த்தவர் யாவர் என்று கேட்டால், விடை ஒன்றே.

நம் சங்கச் செயற்குழுவினர்க்கு என் பிழையை எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறேன். மேடையில் அறிவித்த முடிவை மாற்றுதல் வழக்கமன்று என்று உறுப்பினர் சிலர் கருதுகின்றனர். முதலிடம் பெற்ற மாணவரிடமிருந்து எதனையும் திரும்பப் பெற வேண்டுமென்று நான் கேட்கவில்லை. அவர் என் விடைக் குறிப்பின்படி நேர்மையாக எழுதியவர். அரை மதிப்பெண்ணைச் சேர்த்து இருவரையும் முதல்வராகக் கொண்டு, இரண்டாம் கல்விச் செலவில் பாதியை என்னிடமே வாங்கிக் கொள்க என்பதே என் விண்ணப்பம். அடுத்த கூட்டத்தில் இக்கட்டுரையையும் அவ்விடைத்தாளையும் உறுப்பினர் முன் வைக்குமாறு செயலாளர் அவர்களை வேண்டிக் கொள்கிறேன். விடைத்தாளின் எண் 41.